அவுசோனியஸின் திராட்சைத் தோட்டம் எது?

கேள்வி: பிரான்ஸின் ‘ஷாத்தோ ஓசோன்’ ஒயின், ரோமானியக் கவிஞர் அவுசோனியஸ் ஓய்வுக்காலத்தில் வைத்திருந்த அதே தோட்டத்தில்தான் இன்றும் தயாராகிறதாமே, உண்மையா? அவர் எவ்வளவு ஒயின் எடுத்திருப்பார்?

பதில்: பெயர் அவருடையதுதான். தோட்டமும் அவருடையது என்பதற்குச் சான்று இல்லை.

ஓய்வு பற்றிச் சந்தேகம் வேண்டாம். சொந்த ஊரான போர்தோவில் (தென்மேற்குப் பிரான்ஸ்) முப்பது ஆண்டுபோல ஆசிரியர் வேலை பார்த்தவர், ரோமப் பேரரசரின் மகனான சிறுவன் கிராஷியனுக்குப் பாடம் சொல்ல அரண்மனைக்குப் போனார். மாணவன் ஆட்சிக்கு வந்ததும் வாத்தியாருக்கு யோகம். 379-இல் கான்சல் என்ற உயர்பதவி. 383-இல் கிராஷியன் கொல்லப்பட்டபின், எழுபதைத் தாண்டிய கிழவர் ஊர்ப்பக்கம் வந்துவிட்டார்.

ஷாத்தோ ஓசோன் இருப்பது போர்தோவுக்குக் கிழக்கே சாந்தேமிலியோன் என்ற ஊரில், தோர்தோன் ஆற்றுப் பக்கம். கவிஞரோ மொசெல் ஆற்றைப் பாடும் ‘மொசெல்லா’ பாட்டில், தன் திராட்சைத் தோட்டங்கள் போர்தோ வழியே ஓடும் கரோன் ஆற்றோரம் இருப்பதாகவல்லவா சொல்கிறார்! (அதே பாட்டில், அந்தி நேரத்து ஆற்றில் விழும் கொடிகளின் நிழலை நிஜமென்று நம்பி ஓடக்காரன் எண்ணிக்கொண்டே போகிறான். கொடியோடு பழகியவர் கண் அது.) அவருக்குப் பண்ணைகள் பல. சாந்தேமிலியோன் பக்கமும் ஒன்று இருந்திருக்கலாம், அவ்வளவே.

இனிக் கணக்கு. தந்தைவழி வந்த ஒரு பண்ணைக்கு அவரே அளவு சொல்கிறார்: விளைநிலம் 200 யூகெரம், திராட்சை 100, புல்வெளி 50, காடு இவற்றின் இருமடங்குக்கு மேல். யூகெரம் என்பது ஓர் ஏர் மாடு ஒரு நாளில் உழும் நிலம், ஏறக்குறைய 0.62 ஏக்கர். ஆக மொத்தம் 650 ஏக்கருக்குக் குறையாது. பாட்டின் தலைப்போ ‘சின்னச் சொத்து’!

திராட்சை மட்டும் 62 ஏக்கர். முதல் நூற்றாண்டின் கொலுமெல்லா தன் வேளாண் நூலில் யூகெரத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு குல்லியஸ், அதாவது சுமார் 520 லிட்டர் என்ற கணக்கைத் தருகிறார். அப்படியானால் 52,000 லிட்டர். மூன்று குல்லியஸ் கூடத் தராத தோட்டத்தைப் பிடுங்கிப் போடு என்பது கொலுமெல்லாவின் சொந்தக் கருத்து. ஆனால் அது இத்தாலியக் கணக்கு. போர்தோவில் பூக்கும் சமயத்தில் மழை பிடித்தால் காய் பிடிக்காது. அந்த ஆண்டு குலையே மெலிந்துபோகும். அவுசோனியஸ் எப்போதும் இரண்டு வருட விளைச்சலைக் கையிருப்பில் வைத்திருந்ததாகச் சொல்வதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

ஆள் கணக்கும் கொலுமெல்லாவிடம் உண்டு: ஏழு யூகெரத்துக்கு ஒருவர். நூறுக்குப் பதினைந்து பேர், அறுவடைக்கூலிகள் தனி. இன்றைய ஷாத்தோ ஓசோனோ சுமார் 17 ஏக்கர்தான்.