கணினிக் கேள்வி பதில்: மின்னஞ்சல் கணக்குகளுக்கு ஒரு நிர்வாகப் பக்கம்

கேள்வி: எங்கள் கல்லூரியில் கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அவற்றைப் பயனர்கள் படிக்க உதவும் டவ்காட் இரண்டையும் கொண்டு சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்துகிறோம். ஆசிரியர்கள், அலுவலர்கள் என 600 பேருக்கும் லினக்ஸ் பயனர் கணக்காகவே முகவரி கொடுத்திருக்கிறோம். அலுவலகப் பணியாளர்களே உலாவியில் புதிய கணக்குத் திறக்கும்படி பிஎச்பியில் ஒரு பக்கம் எழுதி வருகிறேன். அது சூடோ வழியாக (அதாவது முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனரின் பெயரில்), புதிய லினக்ஸ் பயனரைச் சேர்க்கும் யூசர்ஆட் கட்டளையை இயக்குகிறது. இந்த வழி சரியா?
– கணினி மைய நிர்வாகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சரியல்ல. பாதி எழுதியிருந்தாலும் இப்போதே வேறு வழிக்கு மாறிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ஓர் இணையப் பக்கத்துக்கு ரூட் அதிகாரம் கிடைத்துவிட்டால், அந்தப் பக்கத்தில் உள்ள சிறு பிழைகூட சர்வர் முழுவதையும் பாதிக்கும் பிழையாகிவிடுகிறது. பெயர் கேட்கும் கட்டத்தில் யாரோ ஒருவர் பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து, அதன் பின் வேறொரு கட்டளையைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்ததை அப்படியே கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்கு அனுப்பும் நிரலாக இருந்தால், அந்த இரண்டாவது கட்டளையும் சர்வரில் ஓடிவிடும். அதன் முன்னால் சூடோவையும் சேர்த்துவிட்டால் அது ரூட்டின் பெயரிலேயே ஓடக்கூடும்.

கடிதம் படிக்க மட்டுமே வேண்டிய ஒருவருக்கு லினக்ஸ் கணக்கே தேவையில்லை. கணக்குகள் அனைத்தையும் மையெஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். ஒரு கடிதம் வந்தவுடன் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தத் தரவுத்தளத்திடம் மூன்று கேள்விகளைக் கேட்கும்: இந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) நம்முடையதா, இந்த முகவரிக்கு அஞ்சல் பெட்டி உண்டா, இதை வேறு முகவரிக்குத் திருப்ப வேண்டுமா. டவ்காட் கேட்பவை இரண்டு: கடவுச்சொல் பொருந்துகிறதா, இவருடைய பெட்டி எந்தக் கோப்புறையில் இருக்கிறது. பெட்டிகள் எல்லாம் ‘வீமெயில்’ என்பது போன்ற ஒரே ஒரு லினக்ஸ் பயனரின் பெயரில் இருந்தால் போதும். உங்கள் பக்கம் செய்ய வேண்டிய வேலை, அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்ப்பதும் திருத்துவதும் மட்டுமே. சேர்த்த வரிசை அடுத்த கடிதத்துக்கே நடப்புக்கு வந்துவிடும். சர்வரை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை, ரூட்டுக்கும் வேலையில்லை. தரவுத்தளத்திலும் இரண்டு பயனர்களை வையுங்கள்: போஸ்ட்ஃபிக்ஸும் டவ்காட்டும் படிக்க மட்டும் ஒருவர், உங்கள் பக்கம் எழுதுவதற்கு இன்னொருவர்.

இந்த மாற்றத்துக்காக 600 பேரிடமும் புதிய கடவுச்சொல் கேட்க வேண்டியிருக்குமே என்று தயங்க வேண்டாம். லினக்ஸ் கடவுச்சொற்களுக்கான ஷேடோ கோப்பில் உள்ள கடவுச்சொல் ஹேஷை (மூலச் சொல்லை நேரடியாகத் திரும்பப் பெற முடியாதபடி மாற்றிய வடிவத்தை) எடுத்து, அதன் முன்னால் நெளிவு அடைப்புக்குறிக்குள் ‘கிரிப்ட்’ என்ற அடையாளத்தை ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தரவுத்தளத்தில் வைத்தால் டவ்காட் அதை ஏற்றுக்கொள்ளும். பழைய கடவுச்சொல்லே வேலை செய்யும்.

பலரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. தவறாக எழுதப்பட்ட முகவரிகளுக்கு வரும் கடிதங்களையெல்லாம் அலுவலகப் பெட்டிக்குத் திருப்பலாம் என்று டொமைன் முழுவதற்கும் ஒரே திருப்பல் வரிசையைச் சேர்ப்பார்கள். சேர்த்த மறுகணமே 600 பேரின் கடிதங்களும் அந்த ஒரு பெட்டியில் வந்து குவியத் தொடங்கிவிடும். பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் திருப்பல் அட்டவணையைப் பார்த்துவிடுவதுதான் காரணம். ஒவ்வொரு கணக்கையும் உருவாக்கும்போதே, அந்த முகவரியை அதற்கே திருப்பும் ஒரு வரிசையையும் உங்கள் பக்கம் தானாகச் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. முழு முகவரிக்கு வரிசை இருந்தால் டொமைன் வரிசை பின்னுக்குப் போய்விடும். எழுதி முடித்ததும் போஸ்ட்மேப் கட்டளையைக் கொண்டு ஒரு முகவரியைக் கேட்டுப் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸுக்கு என்ன பதில் கிடைக்கிறதோ அதுவே உங்கள் திரையிலும் வரும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்காக நான் எழுதிய நிர்வாகப் பக்கத்தில் ‘நீக்கு’ பொத்தானை அழுத்தினால் தரவுத்தள வரிசை அழிந்துவிடுகிறது. ஆனால் வேலையை விட்டுச் சென்ற ஒருவர் அன்று மாலை வரை தம் கைபேசியில் பழைய கடிதங்களைத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். வட்டில் கடிதங்கள் பிடித்திருந்த இடமும் குறையவில்லை. எங்கே தவறு?
– மென்பொருளாளர், கோயம்புத்தூர்

பதில்: டவ்காட் கடவுச்சொல்லைக் கேட்பது இணைப்புத் தொடங்கும்போது மட்டும்தான். கடிதங்களைப் படிக்கக் கைபேசி வைத்திருக்கும் ஐமேப் இணைப்பு அறுபடாமல் இருக்கும் வரை, வரிசை அழிந்த செய்தி அந்த இணைப்பை எட்டாது. கணக்கை முடக்கியவுடன் டவ்காட்டை நிர்வகிக்கும் டவ்அட்ம் கருவியின் ‘கிக்’ கட்டளையால் அவருடைய இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்புக்கு கேஷ் (முந்தைய பதில்களின் தற்காலிகச் சேமிப்பு) வைத்திருந்தால் அதையும் அழிக்க வேண்டும். இதற்காகவும் இணையப் பக்கத்துக்கு அதிகாரம் கொடுக்காதீர்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு தனி நிரல், முடக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து படித்து இந்த வேலையைச் செய்யட்டும்.

வட்டில் கடிதங்கள் பிடித்திருந்த இடம் குறையாதது இதைவிடக் கவலைக்குரியது. வரிசை போனாலும் கடிதங்கள் கோப்புகளாக அங்கேயேதான் இருக்கின்றன. நான் முன்பு பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் ஒருவர் விலகியதும் இப்படித்தான் வரிசையை மட்டும் அழித்தோம். சில மாதங்களில் அதே பெயருடைய வேறொருவர் சேர்ந்தார், அதே முகவரியை அவருக்குக் கொடுத்தோம். முதல் நாள் காலையில் அவர் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே முன்னவரின் சம்பள விவரமும் மருத்துவக் காப்பீட்டுக் கடிதங்களும் தேதி வரிசையில் அடுக்கியிருந்தன. அவர் அவற்றைப் படிக்காமல் நேரே எங்களிடம் வந்து சொன்னார். எல்லோரும் அப்படி வருவார்கள் என்று நம்பி ஒரு நிரலை எழுதக் கூடாது.

ஆகவே முதல் பதிப்பில் ‘நீக்கு’ பொத்தானே வேண்டாம், ‘நிறுத்து’ போதும். அட்டவணையில் நடப்பில் உள்ளதா என்று குறிக்கும் ஒரு பத்தியும், நிறுத்திய தேதிக்கு ஒரு பத்தியும் வையுங்கள். கோப்புறைக்கு முகவரியைப் பெயராக வைக்காமல், ஒருமுறை கொடுத்தால் மறுபடி யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணை வையுங்கள். அதே முகவரி நாளை வேறொருவருக்குப் போனாலும் அவருக்குக் காலிப் பெட்டிதான் திறக்கும். உங்கள் நிறுவனம் முடிவு செய்த காலம் கழிந்ததும் பழைய கோப்புறையை அந்தத் தனி நிரலே அப்புறப்படுத்தட்டும்.

கேள்வி: கடவுச்சொற்களை எம்டி5 முறையில் சேமிக்கலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கூடாது. எம்டி5 மிக வேகமாகக் கணக்கிடக்கூடியது. தரவுத்தளத்தைத் திருடியவருக்கும் கடவுச்சொற்களை ஊகித்துப் பார்க்க அதே வேகம் கிடைக்கும். வேண்டுமென்றே மெதுவாகக் கணக்கிடும் பிகிரிப்ட் அல்லது ஆர்கான்2ஐடி வையுங்கள், டவ்காட்டுக்கு இரண்டுமே தெரியும். தமிழில் கடவுச்சொல் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளை மட்டுமே பார்க்கும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்டுகள். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள், அதாவது 15 பைட்டுகள். 24 குறியீடுகளோடு 72 முடிந்துவிடும். அதற்குப் பின் தட்டியது எதுவும் கணக்கில் வராது. நீண்ட தமிழ்த் தொடரைக் கடவுச்சொல்லாக வைக்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள் என்றால் ஆர்கான்2ஐடியே பொருத்தம்.

கேள்வி: மின்னஞ்சல் கணக்குகளை உலாவியில் நிர்வகிக்கும் போஸ்ட்ஃபிக்ஸ்அட்மின் இலவசமாகவே கிடைக்கிறதே, புதிதாக ஏன் எழுத வேண்டும்?
– வாசகர், சேலம்

பதில்: டொமைன், பெட்டி, திருப்பல் ஆகியவற்றைப் பராமரிப்பது மட்டும் உங்கள் தேவை என்றால் எழுத வேண்டாம், அதையே நிறுவிக்கொள்ளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியவுடன் கணக்குத் திறக்க வேண்டும் என்பது போல உங்களுக்கே உரிய தேவை இருந்தால் எழுதலாம். அப்போதும் அதன் அட்டவணை அமைப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பது பயன் தரும்.

எழுதுவதாக இருந்தால், துறை வாரியாகப் பொறுப்பாளர்களை நியமிக்கும் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. ஒரு பொறுப்பாளருக்குத் தம் துறையின் டொமைன் மட்டும் பட்டியலில் தெரிகிறது என்பதால் அவர் மற்றதைத் தொட முடியாது என்று எண்ணிவிடக் கூடாது. உலாவி அனுப்பும் கோரிக்கையில் டொமைன் பெயரை மாற்றி அனுப்புவது மிக எளிது. சேமிக்கும் ஒவ்வொரு முறையும், இவருக்கு இந்த டொமைனில் உரிமை உண்டா என்று சர்வர் பக்கத்து நிரலே தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். யார், எப்போது, எந்தக் கணக்கை மாற்றினார் என்பதையும் ஒரு தனி அட்டவணையில் எழுதி, அதை எந்தப் பொறுப்பாளராலும் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி வையுங்கள்.