கத்தி அடிக்க ஒரு சின்ன கேஸ் உலை: வாங்குவதா, கட்டுவதா?

கேள்வி: கானாடுகாத்தானில் அப்பத்தா வீடு பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது. லீவு நாட்களில் அங்கே போய் சமையல் கத்தி, சின்ன அரிவாள் அடித்துப் பழக ஆசை. கரி உலை போட்டால் புகைக்கு அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். ஆன்லைனில் விற்கும் சின்ன கேஸ் உலையை வாங்கலாமா, நானே கட்டலாமா? வீட்டு சிலிண்டர் போதுமா? முற்றத்தில் வைத்துக்கொள்ளலாமா? அதிலேயே தோய்ச்சலும் (காய்ச்சிய கத்தியை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது) போட முடியுமா?

பதில்: முற்றத்தில் வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு, முதலில் இதை முடித்துவிடுவோம்.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் மேலே போகாது, பள்ளம் தேடி இறங்கும். நம் செட்டிநாட்டு வீடுகளில் மழைத்தண்ணீர் விழும் முற்றம் சுற்றுத் தாழ்வாரத்தைவிட ஒரு படியாவது பள்ளத்தில்தான் இருக்கும். மேலே வானம் தெரிகிறதே என்று தைரியம் கொள்ளக் கூடாது. நாலு பக்கமும் அடைப்பு என்பதால் தரையோடு தேங்கிய கேஸ் சட்டென்று கலையாது. மழைத்தண்ணீர் போகும் வழியாக இறங்கி வடிகாலுக்குள்ளும் தங்கிவிடும். சுற்றிலும் பர்மா தேக்குத் தூணும் உத்தரமும் வேறு. பழுக்கக் காய்ந்த இரும்பு கை தவறி ஆத்தங்குடிக் கல்லில் விழுந்தால் அந்தக் கல்லும் போச்சு. பங்காளிகளுக்கும் பாத்தியப்பட்ட வீடாக இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் இடம் பாருங்கள். கிணறு, சாக்கடை பக்கத்தில் இருக்கக் கூடாது. மேலே தகரம், குறைந்தது இரண்டு பக்கம் திறப்பு, தரையில் மணல். சிமெண்ட் தரை வேண்டாம், கடுஞ்சூடு பட்டால் வெடித்துத் தெறிக்கும். திறப்பு கட்டாயம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், உலை எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சரி, வாங்குவதா கட்டுவதா? உலைக்கூட்டை நீங்களே கட்டுங்கள். பர்னர், ரெகுலேட்டர், ஓஸ் மூன்றையும் காசு கொடுத்து வாங்குங்கள். ஆன்லைனில் வரும் ரெடிமேட் உலைகள் பலவற்றில் உள்ளே சூடு தாங்கும் செராமிக் பஞ்சு மட்டும் சுற்றியிருக்கும், மேலே பூச்சு இருக்காது. கூட வரும் ரெகுலேட்டர் வெளிநாட்டு சிலிண்டர் வாய்க்குச் செய்ததாக இருந்தால் நம் சிலிண்டரில் உட்காராது. அதை உட்கார வைக்க இடையில் ஒட்டுப்போடும் வேலையில்தான் ஆபத்து.

அளவை சமையல் கத்தியை வைத்து முடிவு செய்யுங்கள். பெரிதாகக் கட்டினால் பின்னால் பட்டாக்கத்திகூட அடிக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு சூட்டில் சுத்தியல் படுவது அரை அடி நீளத்தில்தான். மீதி இடத்தைக் காய்ச்சுகிற கேஸ் வீண். 22 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய் போதும். உள்பூச்செல்லாம் போக 11 செ.மீ. விட்டம் மிஞ்சும், கொள்ளளவு இரண்டரை லிட்டருக்குள் வரும். அரை அங்குல பர்னர் ஒன்று இதைத் தாராளமாகக் காய்ச்சும். நீளமான கத்தி வெளியே நீட்டிக்கொள்ளப் பின்பக்கம் ஒரு சின்ன வாய் விட்டுவிடுங்கள். கூட்டுக்காகப் பழைய கேஸ் சிலிண்டரை மட்டும் அறுக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் வெடிக்கும். அது எண்ணெய் நிறுவனத்தின் சொத்தும்கூட.

உலையின் உயிர் உள்பூச்சில் இருக்கிறது. செங்கல் வேண்டாம், அது தானே சூட்டைக் குடித்துக்கொண்டு இரும்பைக் காக்க வைக்கும். செராமிக் ஃபைபர் பிளாங்கெட், அதாவது அந்தச் செராமிக் பஞ்சு விரிப்பு, வாங்குங்கள். 25 மி.மீ. கனம், 128 டென்சிட்டி (கன மீட்டருக்கு 128 கிலோ), 1260 டிகிரி தாங்கும் ரகம். திருச்சியில் பாய்லர் வேலைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டு சுற்று சுற்றி, கொலாய்டல் சிலிக்கா கரைசலைத் தெளித்துக் காயவிட்டால் பஞ்சு விறைத்துக்கொள்ளும். அதன் மேல் ரிஃப்ராக்டரி காஸ்டபிளை (கடுஞ்சூடு தாங்கும் சிமெண்ட் கலவை) அரை செ.மீ. கனத்துக்கு மெழுகுங்கள். இந்த மெழுகலைத் தள்ளிப்போடாதீர்கள். மெழுகாத பஞ்சிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கும். சூடு கண்டு பழகிய பஞ்சு இன்னும் மோசம். வெட்டும்போது நனைத்து வெட்டுங்கள், நல்ல மாஸ்க் போடுங்கள். மெழுகியதை இரண்டு மூன்று நாள் நிழலில் காயவிட்டு, பிறகு சின்னத் தீயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள். ஈரத்தோடு முழுத் தீ வைத்தால் ஆவி கிளம்பிப் பூச்சைப் பெயர்த்துவிடும். வெங்காரம் (போராக்ஸ்) போட்டு இரும்போடு இரும்பை ஒட்டும் வேலை செய்வதாக இருந்தால் அடித்தளத்தில் ஹை அலுமினா பலகை போடுங்கள். உருகிய வெங்காரம் செராமிக் பஞ்சை அரித்துத் தின்றுவிடும்.

பர்னரில் இரண்டு வகை. ஊதுகாற்று வைத்தது ஒன்று, கேஸின் வேகத்தாலேயே காற்றை இழுத்துக்கொள்ளும் வென்சுரி ஒன்று. நீங்கள் வென்சுரி வாங்குங்கள். ஊதுகாற்று வகையில் திடீரென்று கரண்ட் போனால் காற்று நின்றுவிடும், கேஸ் வந்துகொண்டே இருக்கும், தீ குழாய்க்குள் பின்வாங்கும். வென்சுரிக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் ஆடிக்காற்று நேராக வாயில் அடித்தால் தீ தள்ளாடும், அந்தப் பக்கம் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். பர்னரைக் கூட்டின் நடுவைப் பார்த்து வைக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்து வைத்தால் தீ உள்ளே சுழலும், சூடு பரவலாகப் பிடிக்கும். சூடு படும் இடத்தில் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயைப் போடாதீர்கள், அதன் புகை காய்ச்சலில் தள்ளும்.

வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தச் சட்டம் இடம் தராது. வீட்டு ரெகுலேட்டரும் சதுர செ.மீ.க்குச் சுமார் 0.03 கிலோ பிரஷர்தான் தரும். உங்களுக்குக் கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கூட்டிக் குறைக்க முடிகிற, கேஜ் (பிரஷர் காட்டும் மானி) வைத்த ஹை பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். ஹோட்டல் அடுப்புச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். சிலிண்டர் 19 கிலோ கமர்ஷியலாக இருக்கட்டும். இந்த உலை மணிக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை கேஸ் குடிக்கும். அந்த வேகத்தில் இழுத்தால் 5 கிலோ சிலிண்டர் சில்லிட்டு வியர்த்து பிரஷர் இறங்கும். எந்தச் சிலிண்டரானாலும் நிமிர்த்தியே வையுங்கள், உலையிலிருந்து தள்ளி வையுங்கள். ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். பற்றவைக்கும்போது எரியும் காகிதத்தை முதலில் உள்ளே வைத்துவிட்டு அப்புறம் கேஸைத் திறக்க வேண்டும். அணைக்கும்போது முதலில் சிலிண்டரை மூட வேண்டும்.

உலை வாயில் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் மெல்லிய தீநாக்கு தெரிந்தால் சரியான தீ. நீளமாக மஞ்சளாக நக்கினால் கேஸ் அதிகம். நாக்கே இல்லாமல் இரைந்து, இரும்பில் செதில் செதிலாகப் பொருக்கு ஏறினால் காற்று அதிகம்.

தோய்ச்சல் இதிலேயே போடலாம். லாரி ஸ்பிரிங் பட்டையில் ஆரம்பியுங்கள். தீயைக் குறைத்து, கத்தியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே காய்ச்சி, அவ்வப்போது காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரி வாக்கில் காந்தம் ஒட்டாது. அதற்கு மேல் நிறம் ஒரு சாயல் ஏறியதும், 830, 850 டிகிரி அளவில், 50 டிகிரிக்குச் சூடாக்கிய கடலை எண்ணெயில் முனை கீழே பார்க்க நேராக இறக்குங்கள். தண்ணீரில் இறக்கினால் கீறல் விழும். எண்ணெய் இருக்கும் இரும்புப் பாத்திரத்துக்கு மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பற்றிக்கொண்டால் மூடி அணைக்கத்தான். ஆறியதும் அன்றைக்கே ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தெடுத்துவிடுங்கள். அதற்கு முன் கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.