நல்ல ஆசிரியர் தலைமை ஆசிரியரானால் போதாதா?
பணிமூப்பில் தலைமை ஆசிரியராகிறவருக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். பாடம் நடத்துவது ஒரு திறமை. மற்ற ஆசிரியர்களை வளர்ப்பது வேறு திறமை.

சென்னையில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர், பள்ளி விவரங்களைப் பதிவது, மதிய உணவு, உதவித்தொகைப் படிவம் எல்லாம் தலைமை ஆசிரியர் தலையில்தான். அப்புறம் இளம் ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து கவனிக்க நேரம் ஏது? ஆனால் அதுதான் முக்கியமான வேலை. வகுப்பைப் பார்த்து, அன்றே தனியாகப் பேசி, அடுத்த வாரம் மறுபடி போய்ப் பார்த்தால்தான் கற்பித்தல் மாறும். ஒருநாள் பயிலரங்கில் மாறாது. தலைமை ஆசிரியருக்கு இதற்கு நேரமில்லை என்பது வளரும் நாடுகள் பலவற்றிலும் உள்ள சிக்கல்தான்.

பெற்றோரையும் சேர்க்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்களைப் பேசவைக்கவும் தலைமை ஆசிரியர் பழக வேண்டும். கூடவே பதிவு, படிவ வேலைகளுக்கு ஓர் எழுத்தரையும் கொடுக்க வேண்டும். பல தொடக்கப் பள்ளிகளில் அந்தப் பணியிடமே கிடையாது.