அண்ணருக்கு 'டி' வகை, எனக்கு?

கேள்வி: இரத்ததானம் செய்தபோது எனக்கு ஈரலைத் தாக்கும் ஹெப்படைற்றிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தது. கனடாவிலுள்ள அண்ணருக்கும் இருக்கிறது. அங்கே வைரஸின் மரபணு வகை பார்த்து 'டி' என்று சொல்லியிருக்கிறார்கள். எனது ரிப்போட்டில் 'ஈ அன்ரிஜன் நெகற்றிவ்' என்று மட்டுமே உள்ளது. நானும் வகை பார்க்க வேண்டுமா?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: சிறுவயதில் ஒரே வீட்டில் தொற்றியிருந்தால் உங்களுக்கும் 'டி' ஆகவே இருக்கக்கூடும். இந்தியாவிலும் 'டி'தான் கூடுதல், அடுத்தது 'ஏ'. ஆனால் அதற்காக இப்போது காசு செலவழிக்கத் தேவையில்லை. இன்ரபெரோன் ஊசி போட யோசித்தால்தான் வகை முக்கியம். வாரம் ஒன்றாக 48 வாரம் போடும் அந்த ஊசி ஏ, பி வகைகளில் நன்றாகக் கேட்கும். சி, டி வகைகளில் குறைவு. ரெனோபோவிர், என்ரெகாவிர் குளிசைகள் எந்த வகையிலும் வேலை செய்யும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த 'நெகற்றிவ்' என்ற சொல்லைத்தான். வைரஸின் மரபணுத் தொடரில் 1896ஆம் இடத்து எழுத்து மாறினால் ஈ அன்ரிஜன் என்ற வைரஸ் புரதம் (இது 'ஈ' வகையைக் குறிப்பதல்ல) உருவாகாது. வைரஸோ தொடர்ந்து பெருகும். 'டி' வகையில் இந்த மாற்றம் சாதாரணம். 'ஏ' வகையில் அரிது, ஏனென்றால் அந்த எழுத்தோடு சோடி சேரும் 1858ஆம் இடத்து எழுத்து மாற்றத்துக்கு இடம் கொடுப்பதில்லை. இப்படி மாறிய வைரஸில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.ரி. என்ற இரத்தப் பரிசோதனை அளவு ஏறி இறங்கும். ஒருமுறை சரியாக வந்துவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.ரி. பாருங்கள். வைரஸ் டி.என்.ஏ. அளவையும் கேளுங்கள்: மில்லிலீற்றருக்கு 2000 அலகுக்குக் கீழே நின்று, எஸ்.ஜி.பி.ரி.யும் தொடர்ந்து சரியாக இருந்தால்தான் வைரஸ் அடங்கியிருக்கிறது எனலாம். கண் மஞ்சளாகவில்லை என்பது கணக்கில்லை. கீழ்க்காய்நெல்லி குடித்து வைரஸ் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம். சாராயம், கள்ளு இரண்டையும் விடுங்கள்.

கேள்வி: இந்த வைரஸ் இனம் பார்த்தா தொற்றுகிறது?
– உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

பதில்: இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கும், சிறுபிள்ளைகளுக்கிடையிலும் தலைமுறை தலைமுறையாகப் பரவியதால், ஓரிடத்து மக்களிடம் ஒரு வகை தங்கிவிடுகிறது. முழு மரபணுத் தொடரில் 8 வீதத்துக்கு மேல் வேறுபட்டால் தனி வகை; ஏ முதல் ஜே வரை 10 உண்டு. கிழக்காசியாவில் பி, சி. மத்தியதரைக்கடல் முதல் தென்னாசியா வரை டி. அலாஸ்கா, தென்னமெரிக்கப் பழங்குடிகளிடம் எஃப். ஜே வகை ஜப்பானில் ஒரே ஒருவரிடம் கண்டது.

சுவையானது ஈ வகை. மேற்கு ஆபிரிக்கா முழுக்க அதுதான். ஆனால் அங்கிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் அது ஏறக்குறைய இல்லை, ஏ வகைதான் இருக்கிறது. அப்படியென்றால் ஈ வகை மேற்கு ஆபிரிக்காவில் பரவலானது அடிமை வியாபாரத்துக்குப் பிறகு என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இனத்தையே காரணமாக்கினால் இதை விளக்க முடியாது.

கேள்வி: மனைவி கர்ப்பிணி, அவருக்கு ஹெப்படைற்றிஸ் பி இருக்கிறது. வகைக்கேற்ற தடுப்பூசி உண்டா?
– வாசகர், மல்லாவி

பதில்: வகைக்கொரு ஊசி இல்லை, ஒரே ஊசி எல்லா வகைக்கும் காப்பு. வழமையாக 2, 4, 6 மாதங்களில் போடும் ஐங்கூட்டுத் தடுப்பூசியில் அது இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. பிறந்து 12 மணித்தியாலத்துக்குள் முதல் ஊசியும், மற்றத் தொடையில் இமியுனோகுளோபியுலின் (வைரஸை எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதம்) ஊசியும் போடவேண்டும். இந்த இரண்டாவது ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருக்குமென்று நம்பியிருக்காமல், ஏழாம் மாதத்திலேயே குடும்பநல மாதுவிடமும் வைத்தியரிடமும் சொல்லி, எங்கே பிரசவம் என்று முடிவெடுங்கள். மனைவியின் டி.என்.ஏ. அளவு 2 இலட்சம் அலகுக்கு மேலிருந்தால் கடைசி மூன்று மாதமும் ரெனோபோவிர் கொடுப்பார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.