ஆச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 62 வயது. கடை நொடித்த பிறகு மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அழுகை நின்றுவிட்டது. ஆனால் எதைக் கேட்டாலும் ‘இனிமே என்ன இருக்கு’ என்கிறார். போன வாரம் வீட்டுச் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாமா? கேட்டு, இல்லாததைக் கிளப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், பள்ளத்தூர்

பதில்: கேளுங்கள் தம்பி, இன்றைக்கே. கேட்பதால் அந்த எண்ணம் வராது.

அழுகை நின்றதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். மருத்துவர் ஆரோன் பெக்கும் அவருடன் இருந்தவர்களும் தற்கொலைக்கு முயன்று பிழைத்த 384 பேரை ஆராய்ந்து 1975இல் எழுதினார்கள். சாக வேண்டும் என்ற தீவிரத்தோடு மனச்சோர்வைவிட நம்பிக்கையின்மைதான் நெருக்கமாக ஒட்டியிருந்தது. இருவர் ஒரே அளவு சோர்ந்திருக்கலாம். ‘நாளைக்கும் இப்படித்தான், எதுவும் மாறாது’ என்று முடிவுகட்டியவருக்கே ஆபத்து அதிகம்.

இதை என் அண்ணனிடம் பார்த்தேன். தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் திரியிட்டு ஏற்றியது) எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தான். ஒரு கார்த்திகையில் அதுபற்றிப் பேச்செடுத்தால், ‘நீங்க பாத்துக்கங்க’ என்றார். அதுவரை ‘நாம’ என்றே பேசியவர். அந்த ‘நீங்க’ எனக்கு உறைத்தது. வளவில் (வீட்டு முற்றத்தில்) பக்கத்தில் உட்கார்ந்து, “அண்ணே, செத்துப்போயிடலாம்னு தோணுதா?” என்றேன். வெகுநேரம் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “நாலு மாசமா” என்றார். அன்றிரவு அண்ணமிண்டியும் (அண்ணன் மனைவி) நானும் அவரைத் தனியே விடவில்லை. விடிந்ததும் மருத்துவரிடம் போனோம். ‘தூக்கம் வருதா’ என்று கேட்ட டாக்டரிடம் அவர் இதைச் சொன்னதே இல்லையாம்!

நீங்களும் டாக்டரிடம் சாவிக்கொத்தை, ‘இனிமே என்ன இருக்கு’வை அப்படியே சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம், நீங்களே எடுத்துக் கொடுங்கள். உயிருக்கு ஆபத்தான எதுவும் அவர் கைக்கெட்ட வேண்டாம். ‘ஆமாம்’ என்றால் திட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று தயங்க வேண்டாம், எண்ணம் இருப்பது குற்றமில்லை. இரவில் பதறினால் 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. நீங்களும் அதில் பேசலாம், உங்கள் பயத்தையும் யாராவது கேட்க வேண்டும்.

அப்பச்சி என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.