அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீட்டில் இருப்பதெல்லாம் அசல் சாமான்தானா?

எல்லாம் இல்லை. ஜெஃபர்சன் 1826-ல் பெரிய கடனோடு இறந்துபோனார், அடுத்த வருஷமே வீட்டுச் சாமான்களோடு சேர்த்து 130 அடிமைகளையும் ஏலம் விட்டார்கள். 1923-ல் தொடங்கிய அறக்கட்டளைதான் போன பொருள்களைத் தேடித் தேடித் திரும்பச் சேர்த்தது; கிடைக்காததற்கு அந்தக் காலத்துச் சாமானோ நகலோ இருக்கும்.

ஆனால் முன்கூடத்தில் வாசலுக்கு மேலே இருக்கும் பெரிய கடிகாரத்தை விட்டுவிடாதீர்கள். அதை ஓட்டுவது கயிற்றில் தொங்கும் பீரங்கிக் குண்டுகளின் எடை. அவை இறங்க இறங்க, சுவரில் எழுதியிருக்கும் கிழமையைக் காட்டும். கயிற்றுக்குச் சுவர் உயரம் போதாமல் தரையில் ஓட்டை போட்டார்கள், அதனால் சனிக்கிழமை நிலவறையில்தான் வரும்!

அப்புறம் சாப்பாட்டு அறை. கணப்பின் பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் சின்ன லிஃப்டில் கீழேயிருந்து ஒயின் பாட்டில் வரும், சுழலும் கதவின் பின்பக்கத் தட்டுகளில் சாப்பாடு வரும். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் பரிமாறும் அடிமைகள் விருந்தாளி கண்ணில் அதிகம் படாமல் இருக்கவும் அது உதவியது என்று தெரிந்தபின் எனக்கு அதை ரசிக்க முடியவில்லை.

மர வேலைப்பாட்டைப் பார்க்கும்போது ஜான் ஹெம்மிங்ஸ் பற்றிக் கேளுங்கள். அங்கே அடிமையாக இருந்த தச்சர், நாற்காலி மேசையெல்லாம் செய்தவர். மேல்மாடிக்குத் தனி டிக்கெட், படிக்கட்டு ரொம்பக் குறுகல்.