மணல் பையைக் கழற்று, அரிசி மூட்டையைத் தூக்கு

கேள்வி: வணக்கம் கோச். நான்காம் படிவம் படிக்கிறேன், பள்ளிக் கைப்பந்துக் குழுவில் அட்டாக்கர். உயரம் 172 செ.மீ. எம்பினால் விரல்கள் மட்டும்தான் வலைக்கு மேலே போகின்றன. நாலு மாதமாகக் கணுக்காலில் ஒரு கிலோ மணல் பை கட்டித் தினமும் 200 முறை குதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பத்துமலைப் படிகளை மூன்று முறை ஓடி ஏறி இறங்குகிறேன். குதிப்பு கூடவில்லை, முட்டி வலிதான் வந்தது. ஜிம்முக்குப் போகலாம் என்றால், பளு தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் அப்பா.
– மாணவர், கோம்பாக்

பதில்: தம்பி, அந்த மணல் பையை இன்றைக்கே கழற்றி வை.

உன் வயதில் நானும் இதைத்தான் செய்தேன். கூட ஆடுகிறவனை முதுகில் சுமந்துகொண்டு படியில் குதிக்கச் சொல்வார் எங்கள் பயிற்றுநர். இரண்டு வருடம் குதித்தேன். இன்றைக்கும் செந்தூல் எல்.ஆர்.டி. நிலையத்தில் படி இறங்கும்போது என் இடது முட்டி அதை ஞாபகப்படுத்துகிறது.

ஸ்மாஷ் அடிக்க எம்பும்போது, கடைசி அடி தரையில் இருப்பது கால் விநாடிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு பலமாகத் தரையை உதைக்கிறாய் என்பதுதான் உயரம். தினமும் 200 முறை குதித்தால் ஐம்பதாவது குதிப்பிலேயே கால் சோர்ந்துவிடும். மீதி 150-ல் மெதுவாகக் குதிக்கத்தான் உடம்பு பழகுகிறது. பத்துமலையின் 272 படி மூச்சுக்கு நல்லது, குதிப்புக்கு அல்ல. அதிலும் ஓடி இறங்குவதுதான் முட்டியைப் போட்டுப் பார்க்கும்.

அப்பாவிடம் சொல்: சரியான முறையில், பக்கத்தில் தெரிந்தவர் நின்று பார்க்கச் செய்யும் பளுப் பயிற்சி வளர்த்தியை நிறுத்தாது. முறை தெரியாமல் தாங்காத எடையைத் தூக்கினால்தான் ஆபத்து.

ஜிம் கூட இப்போது வேண்டாம். வீட்டில் 10 கிலோ அரிசி மூட்டை இருக்குமே, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்குவாட் செய், அதாவது முட்டியை மடக்கி உட்கார்ந்து எழு. மூன்று விநாடி இறங்கு, வேகமாக எழு. எட்டு எட்டாக மூன்று செட், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. அப்புறம் பின்காலை நாற்காலியில் வைத்து ஒற்றைக்கால் ஸ்குவாட். முதலில் எடை இல்லாமல். படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கு. வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது இடைவெளி. இன்னும் இரண்டு முறை எழ முடியும் என்கிற நிலையில் நிறுத்து. மூட்டை இலகுவாகிவிட்டால் எடையைக் கூட்டு. இந்தக் கூட்டுதலை விட்டால் பயிற்சியே இல்லை. அப்போது ஜிம் தேவைப்படும், பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) பிடிக்கக் கற்றுக்கொள்.

ஆறு வாரம் போகட்டும், முட்டியும் வலிக்காமல் இருக்கட்டும். அதற்குப் பிறகு 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி, தரை தொட்டதும் எம்பும் பயிற்சி. 1960களில் இதை வளர்த்தெடுத்தவர் சோவியத் பயிற்றுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி. காலில் பலம் ஏறிய பிறகே இதைத் தொட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். ஐந்து ஐந்தாக மூன்று செட் போதும். ஆட்டப் பயிற்சிக்கு முன்னால், கால் புதிதாக இருக்கும்போது செய். தரையிறங்கும்போது காதைக் கொடு. 'தொப்' என்று கேட்டால் அந்த அடியை முட்டி வாங்குகிறது என்று அர்த்தம். என்னிடம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் பூனை மாதிரி இறங்கும்வரை பெட்டியை உயர்த்த விடமாட்டேன்.

வலி முட்டிச் சில்லுக்கு நேர் கீழே என்றால் அது குதிப்பவர்களுக்கு வரும் தசைநார் வலியாக இருக்கலாம். சுவரில் முதுகு சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி 45 விநாடி, ஐந்து முறை நின்று பார். பலருக்கு இதில் வலி தணியும். இன்னும் கீழே எலும்பு முண்டு வீங்கியிருந்தால், அல்லது இரவிலும் வலித்தால், என் பதிலை நம்பி இருக்காதே, மருத்துவரிடம் போ.

விரல் நுனியில் சாக்பீஸ் தூள் தொட்டுக்கொண்டு சுவரில் எம்பி ஒரு கோடு போட்டு வை. மாதம் ஒரு முறை மட்டும் அளந்தால் போதும்.

கேள்வி: ஸ்மாஷ் அடித்த மறுநாள் என் மகளுக்குத் தோள்பட்டை வலிக்கிறது. டம்பெல் தூக்கினால் சரியாகுமா?
– ஒரு தாய், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: முன்பக்கம் தூக்கும் டம்பெல் வேண்டாம் அம்மா. பந்தை அடிக்கும் கை முன்பக்கம் பாய்கிறது, அதைப் பிடித்து நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகள். அவற்றுக்குத்தான் பலம் வேண்டும். ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி, கையை வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பதினைந்து பதினைந்தாக இரண்டு செட், வாரம் மூன்று நாள். முழங்கை விலாவை விட்டு விலகினால் வேலை வேறு தசைக்குப் போய்விடும்; ஒரு கைத்துண்டை மடித்து அக்குளில் இடுக்கிக்கொள்ளட்டும், அது கீழே விழக் கூடாது. இரண்டு வாரம் ஸ்மாஷ் எண்ணிக்கையைக் குறைக்கும்படி பள்ளிப் பயிற்றுநரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.